சிவப்பு மையும் சொந்தப் பிள்ளையும்

பிறர் எழுதியதைத் திருத்துவது என்னுடைய ஜீவனோபாயம். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்து வருகிறேன். வாரந்தோறும் கட்டுக் கட்டாகக் கட்டுரை நோட்டுகள் வீடு வந்து சேரும். ஒரு பையன் ஒரே வாக்கியத்தில் மூன்று 'மிகவும்' போட்டிருந்தால், இரண்டை நிர்த்தாட்சண்யமாக அடித்துவிடுவேன். ஒரு பெண் காவிரியைப் பற்றி எழுதத் தொடங்கித் தன் மாமா வீட்டுக் கல்யாணத்தில் போய் நின்றால், 'தலைப்பை விட்டு விலகாதே' என்று ஓரத்தில் எழுதுவேன். இந்தக் காரியங்களைச் செய்யும்போது என் கை ஒருநாளும் நடுங்கியதில்லை.

இப்படிப்பட்ட நான் ஒரு நாவல் எழுதினேன். எழுதி முடித்தபின், அதை நானே திருத்த வேண்டிய கட்டம் வந்தது. அப்போதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. ஊரார் பிள்ளைக்குக் காது குத்துவதை வேடிக்கை பார்ப்பது வேறு. சொந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பத்தர் கையிலுள்ள ஊசியைப் பார்ப்பது வேறு.

நாவலை எழுத மூன்று ஆண்டுகள் ஆயின. எட்டு நோட்டுப் புத்தகங்களில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். திருத்துவதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பின்னிரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் உறவினர், நண்பர் எல்லோருக்கும் வியப்பு. "எழுதி முடித்தாயிற்றே, அப்புறம் என்ன?" என்று கேட்காதவர் கிடையாது. எங்கள் தஞ்சைத் தரணியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். "அறுவடை ஆகிவிட்டது என்பதற்காக நெல்லை அப்படியே இலையில் பரிமாற முடியுமா? அடிக்க வேண்டாமா, தூற்ற வேண்டாமா, அவித்து உலர்த்திக் குத்திப் புடைக்க வேண்டாமா?" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள், ஆனால் நம்பியதாகத் தோன்றாது. எழுத்து என்பது கலைமகளின் அருளால் ஊற்றுப்போலப் பெருகுவது, அதில் கை வைப்பது அபசாரம் என்பது நம்மவர் பலரின் எண்ணம்.

பெரிய எழுத்தாளர்களின் சரித்திரமோ வேறு விதமாக இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் முதல் நூலான 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' 1811-இல் வெளிவந்தது. அது தொடக்கத்தில் வேறொரு பெயருடன், முழுவதும் கடிதங்களாலான கதையாக இருந்ததென்று அவருடைய குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவருடைய இன்னொரு கதையை, அவருடைய தகப்பனார் 1797-இல் ஒரு பிரசுரகர்த்தரிடம் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். மறு தபாலிலேயே 'வேண்டாம்' என்று பதில் வந்துவிட்டது. அந்தக் கதையே பெயர் மாறி, உருவும் மாறி, 1813-இல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்று வெளியாயிற்று. இடையில் பதினாறு வருஷம்! இருபத்தோரு வயதில் எழுதியதை முப்பத்தேழு வயதுப் புத்தி திருத்தியிருக்கிறது.

அமெரிக்காவில் ஹார்ப்பர் லீ என்ற பெண்மணி 1957-இல் ஒரு பிரசுராலயத்துக்குத் தம் முதல் நாவலைக் கொடுத்தார். வளர்ந்த பெண் ஒருத்தி தன் சொந்த ஊருக்குத் திரும்பி வரும் கதை அது. டே ஹோஹாஃப் என்ற பதிப்பாசிரியை அதைப் படித்துவிட்டு, அவளுடைய குழந்தைப் பருவ நினைவுகள் வரும் பகுதியிலேதான் ஜீவன் இருக்கிறது என்று கண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாற்றி மாற்றி எழுதியபின், 1960-இல் உலகமறிந்த 'டு கில் எ மாக்கிங்பேர்டு' பிறந்தது. பழைய பிரதி 2015-இல் தனியே அச்சாயிற்று. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்களுக்குத் திருத்தம் என்பது எழுத்துப்பிழை பார்ப்பது அல்ல, கதை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என்பது விளங்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஆர். கே. நாராயண், ஆக்ஸ்போர்டில் இருந்த தம் நண்பருக்கு முதல் நாவலின் பிரதியை அனுப்பியிருந்தார். பிரசுரகர்த்தர்கள் ஒருவர்பின் ஒருவராக மறுக்கவே, அதைக் கல்லில் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி எழுதினார். நல்லவேளையாக நண்பர் அந்தக் கட்டளையை மீறி, கிரஹாம் கிரீனிடம் பிரதியைக் காட்டினார். கிரீன் முயற்சியால் 1935-இல் அது வெளிவந்தது. கிரீன் நூலின் பெயரை 'ஸ்வாமி அண்ட் பிரெண்ட்ஸ்' என்று மாற்றினார். ஆசிரியரின் பெயரிலும் 'ஸ்வாமி'யை எடுத்துவிட்டு 'நாராயண்' என்று சுருக்கினார். மற்றவர் கை பட்டதால் மால்குடியின் மண்வாசனை குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

தமிழில் அ. மாதவையா 1892-இல் 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்று ஒரு தொடர்கதையை ஆரம்பித்தார். அது நடுவில் நின்றுபோயிற்று. பதினொரு வருஷம் கழித்து, 1903-இல், அது 'முத்துமீனாக்ஷி'யாக முழு நூலாயிற்று. நின்றுபோன கதையை அவர் விட்டுவிடவில்லை. இளம் விதவையின் துயரைச் சொல்லும் அந்தக் கதை அவரை விடவில்லை என்று சொன்னாலும் பொருந்தும்.

பத்திரிகைத் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சாவகாசம் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அச்சான அத்தியாயம் அச்சானதுதான். பிறகு புத்தகமாகும்போது பார்த்துக்கொண்டால் உண்டு. என்னைப்போல் யாரும் கேட்காமலே நாவல் எழுதுகிறவர்களுக்கோ அந்த அவசரம் கிடையாது. ஆகவே, திருத்தாமலிருக்கச் சாக்கும் கிடையாது.

* * *

எப்படித் திருத்துவது? இதற்கு நான் மேனாட்டு நூல் எதையும் தேடிப் போகவில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நன்னூலே கைக்கு உதவிற்று. பவணந்தி முனிவர் பாயிரத்திலே நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து, பரீட்சையில் ஒப்பித்துவிட்டு, அன்றோடு மறந்துவிடுவது வழக்கம். நாவல் எழுதிய பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்தால், முனிவர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கைப்பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டாரோ என்ற சந்தேகம் எழும்.

முதலில் நான் செய்தது ஒன்றும் செய்யாமலிருந்ததுதான். எட்டு நோட்டுகளையும் ஒரு பழைய வேஷ்டியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, நான்கு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. எழுதிய சூட்டில் படித்தால், காகிதத்தில் உள்ளதைக் கண் படிக்காது. மனத்தில் உள்ளதையே படிக்கும். நான்கு மாதம் கழித்து எடுத்தபோது, ஏதோ அடுத்த வீட்டுக்காரி எழுதியது போலச் சற்று அந்நியமாக இருந்தது. அந்த அந்நியம்தான் திருத்துகிறவருக்கு வேண்டிய முதல் கருவி.

இரண்டாவது, சொற்களைத் தொடக்கூடாதென்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன். இடிக்கப் போகும் சுவருக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா? எந்த அத்தியாயம் நிற்கும், எது போகும் என்று தீர்மானமான பின்னரே வாக்கியத்துக்கு வரவேண்டும். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு சீட்டு எழுதினேன்: இதில் என்ன நடக்கிறது, யாருக்கு நடக்கிறது, இது இல்லாவிட்டால் அடுத்த அத்தியாயம் புரியுமா, புரியாதா? முப்பத்தொரு சீட்டுகளைக் கூடத்தில் பரப்பியபோது, ஆறு சீட்டுகளில் 'என்ன நடக்கிறது' என்ற இடம் காலியாகவே இருந்தது. அவற்றில் வர்ணனை இருந்தது, வேதாந்தம் இருந்தது, வெண்கலப் பாத்திரம் வார்க்கும் பட்டறையைப் பற்றி எட்டுப் பக்கச் செய்தி இருந்தது. மற்றொன்று விரித்தல் என்று முனிவர் சொன்னது இதைத்தான். பட்டறைக்காரர்களிடம் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டறிந்த விஷயம் அது. விட மனம் வரவில்லை. ஆனால் அறிந்ததெல்லாம் கதையில் ஏறவேண்டுமென்றால், கதை என்ன, பாரவண்டியா? எட்டுப் பக்கம் இரண்டு வரியாயிற்று.

மாறுகொளக் கூறல் என்பது நாவலில் மிகவும் விபரீதமான குற்றம். நான்காம் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கு நடக்கும். 'பத்து நாள் கழித்து' என்று தொடங்கும் ஐந்தாம் அத்தியாயத்தில் மார்கழிக் கோலம் வந்து நிற்கும். இதற்கு மருந்து ஓர் அட்டவணை: மாதம், கிழமை, ஒவ்வொருவர் வயது, யாருக்கு எது தெரியும், எப்போது தெரிந்தது. இந்தக் கடைசிக் கலத்தை நிரப்புவதுதான் கடினம். கதாநாயகிக்கு இன்னும் தெரியாத சங்கதியை அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டால், கதை முழுவதும் பொய்யாகிவிடும்.

கூறியது கூறலைப் பிடிக்க இந்தக் காலத்தில் கணினி இருக்கிறது. பிரதியைத் தட்டெழுதியபின், எந்தச் சொல்லானாலும் எத்தனை முறை வருகிறது என்று அது கணத்தில் எண்ணிச் சொல்லிவிடும். என் கதைமாந்தர் மொத்தம் நாற்பத்தேழு தடவை பெருமூச்சு விட்டிருந்தார்கள்! ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நிம்மதியாக மூச்சுவிடச் செய்தேன். ஆனால் கணினிக்குத் தெரியாத கூறியது கூறலும் உண்டு. ஒரே உணர்ச்சியை வேறு வேறு வார்த்தைகளில் மூன்று பக்கம் சொல்வது அது. அதைக் கண்டுபிடிக்கக் காதுதான் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படித்தேன். நாக்கு தடுக்கிய இடத்திலும், எனக்கே கொட்டாவி வந்த இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு.

சென்று தேய்ந்திறுதல் என்று இன்னொரு குற்றம்: தொடக்கத்தில் ஆறாகப் பெருகி, முடிவில் வாய்க்காலாக இளைத்துப்போவது. முதல் நாவலில் இது வருவதற்குக் காரணம் எளியது. புது எழுத்தாளர் ஒவ்வொரு நாளும் முதல் அத்தியாயத்திலிருந்து படித்துக்கொண்டு வருவார். ஆகவே முதல் அத்தியாயம் முப்பது முறை திருத்தம் பெறும், கடைசி அத்தியாயம் ஒருமுறை பெற்றால் அதிகம். அதனால் நான் கடைசி அத்தியாயத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கி வந்தேன். வாசகர் புத்தகத்தை மூடிவைக்கும் இடத்துக்குத்தான் நல்ல வேலை முதலில் சேரவேண்டும்.

* * *

பழங்காலத்தில் நூலுக்கு அரங்கேற்றம் என்று ஒரு சோதனை இருந்தது. தொல்காப்பியரே பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்பாகத் தம் நூலைக் காட்டிக் குற்றமற்றதென்று தெளிவித்தார் என்று பாயிரம் கூறுகிறது. நம்மைப் போன்றவர்களுக்குப் பாண்டியன் அவை ஏது? எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியராக உள்ள என் சிநேகிதியே எனக்கு அதங்கோட்டாசான். அவள் கதை படிப்பவள், கதை எழுதுபவளல்ல. அதுவே அவளுடைய தகுதி. 'நன்றாயிருக்கிறதா என்று சொல்ல வேண்டாம். அலுத்துப்போன இடத்தில் ஓரமாக ஒரு புள்ளி வை, போதும்' என்று கேட்டுக்கொண்டேன். பிரதி திரும்பி வந்தபோது, சில பக்கங்களின் ஓரத்தில் மாக்கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் இருந்தது. கூடவே யோசனைகளும் சொன்னாள்: வில்லனைக் கொன்றுவிடலாம், கதாநாயகியை டாக்டராக்கலாம் என்று. யோசனைகளை நான் ஏற்கவில்லை, புள்ளிகளை ஏற்றேன். செருப்பு எங்கே கடிக்கிறது என்பதைப் போட்டு நடந்தவர்தான் சொல்லமுடியும். எப்படித் தைப்பது என்பது தைக்கிறவர் பாடு.

அவள் ஒரு புள்ளியும் வைக்காத அத்தியாயம் ஒன்று இருந்தது. பதினோராம் அத்தியாயம். 'இதில் கை வைக்காதே' என்றும் எழுதியிருந்தாள். எனக்குப் பெரும் சங்கடத்தை உண்டாக்கியது அந்த அத்தியாயம்தான்.

நாவலின் கதாநாயகி என் அத்தையின் சாயலில் அமைந்தவள். அத்தைக்கு இப்போது வயது எண்பத்தொன்று. இருபத்துமூன்றாவது வயதில், 1967-இல், கணவனை இழந்தாள். பிறகு பிறந்த வீட்டுக்கு வந்து, எங்கள் எல்லோரையும் வளர்த்து ஆளாக்கினாள். அவளுடைய அந்தப் பழைய கதையைக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. நான் கல்லூரியில் படித்த நாளில், ஒரு மழை இரவில், அவளே எனக்குச் சிலவற்றைச் சொன்னாள். பதினோராம் அத்தியாயம் அந்தச் செய்திகளிலிருந்து பிறந்தது. கணவன் இறந்த இரவு. விடியும்வரை அவள் அழுகிற அழுகை. பெட்டியின் அடியில் அவள் பத்திரப்படுத்தியிருந்த, அவன் எழுதிய ஒரே ஒரு கடிதம். மொத்தம் பத்துப் பக்கம்.

முனிவரின் பத்துக் குற்றங்களில் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் அந்தப் பத்தில் சேராத ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. இது யாருடைய சொத்து? பெயரை மாற்றிவிட்டால் மட்டும் மனிதர் மாறிவிடுவாரா? அச்சாகிவிட்ட பிறகு கேட்பதில் பிரயோஜனம் இல்லை. எனவே கோடை விடுமுறையில், மூன்று பிற்பகல்கள், அத்தைக்கு நாவலைப் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பதினோராம் அத்தியாயம் வந்தபோது கை நின்றுவிட்டது.

முடித்தபின் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கேம்மா. ஆனா அன்னிக்கு ராத்திரி நான் அழவே இல்லை" என்றாள்.

"அப்படியா, அத்தை?"

"அக்கம்பக்கத்திலே எல்லாரும் காப்பியும் பலகாரமும் பாத்திரம் பாத்திரமாக் கொண்டுவந்து வச்சிட்டுப் போயிருந்தாங்க. யார் வீட்டுது எதுன்னு கலந்துபோச்சு. பாத்திரத்திலே வெட்டியிருக்கிற பேரை விளக்கு வெளிச்சத்திலே படிச்சுப் படிச்சு, வீட்டு வாரியா அடுக்கிக்கிட்டிருந்தேன். விடிஞ்சிடுச்சு. அழுகையெல்லாம் நாலு மாசம் கழிச்சுத்தான் வந்தது. அதுவும் ஒண்ணுமில்லாத ஒரு காரியத்துக்கு."

இன்னும் கொஞ்சம் கீரை ஆய்ந்தாள். பிறகு சொன்னாள்: "மத்ததெல்லாம் எழுதிக்கோ. அந்தக் கடுதாசியை மட்டும் விட்டுடு, கண்ணு. அது எனக்குன்னு வந்தது."

அன்று இரவே அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டேன். கடிதம் வரும் இடம் மூன்று பக்கம். நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை அந்த மூன்று பக்கங்கள்தாம். எடுத்ததனால் நாவலுக்கு நஷ்டமில்லை என்று நான் சொல்லமாட்டேன். நஷ்டம்தான். ஆனால் அதை ஈடுசெய்வதற்காக வேறொரு கடிதத்தைக் கற்பனை செய்து வைக்கவும் மனம் ஒப்பவில்லை. பெட்டி இருக்கிறது, சாவி அவள் இடுப்பில் இருக்கிறது, கதை முடியும்வரை அவள் அதைத் திறப்பதில்லை. அழுகை ஏழு பக்கம் போய், பாத்திரங்களை அடுக்கும் ஒன்றரைப் பக்கம் வந்தது. 'அழுதாள்' என்ற சொல் அந்த அத்தியாயத்தில் இப்போது ஓரிடத்திலும் இல்லை.

புதிய பிரதியைப் படித்த சிநேகிதி, "அந்தப் பெட்டியில் இருந்த கடிதத்தை ஏன் எடுத்துவிட்டாய்?" என்று சண்டைக்கு வந்தாள். நான் காரணம் சொல்லவில்லை. ஓரத்தில் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை.

* * *

திருத்தத்தை எங்கே நிறுத்துவது என்று புதிய எழுத்தாளர்கள் கேட்கக்கூடும். ஓயாமல் தேய்த்தால் வெள்ளிக் கிண்ணமும் இளைத்துப்போகும். எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று உண்டு. செய்கிற மாற்றம் கதைமாந்தரைத் தெளிவாக்குகிறதா, அல்லது எழுதுகிறவரின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டாவது காரியம் தொடங்கிவிட்டால் பேனாவை மூடிவைக்கலாம்.

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருநூற்று எழுபதாகக் குறைந்து, பிரதி இப்போது அச்சுக்குப் போகத் தயாராக இருக்கிறது. எடுத்துவிட்ட பக்கங்களை நான் கிழித்தெறியவில்லை. பட்டறையைப் பற்றிய எட்டுப் பக்கமும், மற்ற வர்ணனைகளும் பழைய வேஷ்டிக் கட்டில் பரண்மேல் பத்திரமாக உள்ளன. அந்தப் பட்டறையை அறிந்திராவிட்டால், இப்போது நிற்கும் இரண்டு வரியையும் என்னால் எழுதியிருக்க முடியாது. ஆகவே முதல் பிரதி எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதட்டும்; அடித்தெழுத வேண்டிவருமே என்று அப்போதே பயப்பட வேண்டியதில்லை. பதர் இல்லாமல் எந்தக் களத்திலும் நெல் வந்ததில்லை.

கடிதம் வரும் மூன்று பக்கங்கள் மட்டும் பரணில் இல்லை. அவற்றை நான் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அவள் அவற்றை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.